அவசரப்படுத்தாத ஒரு கேம்: டிராகன் குவெஸ்ட் 11 எஸ் நிறைகளும் குறைகளும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. யாராவது ஒருவரிடம் கேட்டு ஒரு கேமை இன்ஸ்டால் செய்து பார்ப்பது. என் அக்காவும் அதைத்தான் செய்தார். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் காலமான பிறகு மாலை நேரம் போவது சிரமமாக இருக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் ஒரு துப்பாக்கிச் சண்டை கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அக்கா கீ போர்டில் எந்த விரலை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் திரை சிவந்துவிட்டது. நான்கு முறை முயன்றார். நான்கு முறையும் அரை நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்க முடியவில்லை.

"இந்தப் பெட்டி உங்களை மாதிரி ஆட்களுக்குடா. எனக்கு இல்லை" என்று எனக்குப் போன் செய்தார்.

கம்ப்யூட்டரே தனக்கு இல்லை என்று அவர் முடிவு கட்டியதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. இதே குறையுடன் பலர் இருக்கிறார்கள். விரல் வேகம் இல்லாதவர்களுக்கு, கண் பார்வை சற்று மங்கியவர்களுக்கு, கம்ப்யூட்டருக்குப் புதியவர்களுக்கு நல்ல கேமே இல்லையா? இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த டிராகன் குவெஸ்ட் 11 எஸ் என்னும் கேமை அக்காவுக்கு நான் அறிமுகம் செய்தேன். அக்கா அவர் வீட்டிலும் நான் என் வீட்டிலுமாக அதை முழுவதும் விளையாடினோம். அதன் நிறைகளையும் குறைகளையும் இங்கு பார்க்கலாம்.

ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன?

ரோல் பிளேயிங் கேம் என்பது ஒரு கதாபாத்திரமாக நாமே மாறி, ஒரு நீண்ட கதைக்குள் பயணம் செய்வது. ஊர் ஊராகப் போக வேண்டும். மக்களிடம் பேசித் தகவல் தெரிந்துகொள்ள வேண்டும். வழியில் வரும் அரக்கர்களுடன் சண்டையிட வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்கும் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். அவை குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் நம் கதாபாத்திரம் ஒரு படி உயரும். இதனை லெவல் என்று அழைப்பார்கள். லெவல் உயர உயர உடல் வலிமையும் மந்திர சக்தியும் கூடும்.

இந்த வகை கேம்கள் ஜப்பானில் பரவியதற்கு முக்கியக் காரணம் டிராகன் குவெஸ்ட்தான். அமெரிக்காவில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் ஓடிய விசார்ட்ரி, அல்டிமா போன்ற கேம்களைப் பார்த்து வியந்த யூஜி ஹோரி என்பவர், அவற்றை எல்லாரும் ஆடும்படி எளிமையாக்க விரும்பினார். 1986 ஆம் ஆண்டு மே மாதம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் சாதனத்துக்கு முதல் டிராகன் குவெஸ்ட் வெளியானது. டிராகன் பால் காமிக்ஸ் வரைந்த அகிரா தோரியாமா ஓவியம் தீட்டினார். கோயிச்சி சுகியாமா இசை அமைத்தார். இந்த மூவர் கூட்டணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சுகியாமா 2021 ஆம் ஆண்டிலும் தோரியாமா 2024 ஆம் ஆண்டிலும் காலமாகிவிட்டனர்.

ஓர் ஒப்பீடு சொன்னால் வியப்பாக இருக்கும். முதல் டிராகன் குவெஸ்ட் கேமின் மொத்த அளவு 64 கேபி மட்டுமே. இன்று நாம் மொபைல் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதனைக் காட்டிலும் பெரியது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கவும் அதில் வசதி கிடையாது. நிறுத்தும்போது திரையில் தோன்றும் 20 ஜப்பானிய எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டு, மறுநாள் அவற்றை ஒன்று விடாமல் டைப் செய்ய வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் ஆட்டம் திறக்காது. 11 எஸ் பதிப்போ ஹார்ட் டிஸ்கில் சுமார் 40 ஜிபி இடம் கேட்கிறது. கணக்குப் போட்டால் ஆறரை லட்சம் மடங்கு!

அளவு இப்படிப் பெருத்தாலும் விளையாடும் முறை பெரிதாக மாறவில்லை. இந்த கேமின் நிறையும் அதுதான், குறையும் அதுதான். கட்டுரையைப் படித்து முடிக்கும்போது இது உங்களுக்கே புரியும்.

எந்தப் பதிப்பு?

பதினோராவது டிராகன் குவெஸ்ட் 2017 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. 2018 செப்டம்பரில் ஆங்கிலத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பின்னர் 2019 இல் நிண்டெண்டோ சுவிட்ச் சாதனத்துக்குக் கூடுதல் வசதிகளுடன் எஸ் பதிப்பு வந்தது. அந்த எஸ் பதிப்பு 2020 டிசம்பரில் கம்ப்யூட்டருக்குக் கிடைத்தது. கேம்களை இணையம் வழி விற்கும் ஸ்டீம் தளத்தில் இப்போது விற்கப்படுவது எஸ் பதிப்பு மட்டுமே. பழைய 2018 பதிப்பை யாராவது வைத்திருந்து உங்களுக்குத் தந்தால், அதில் சேமித்த ஆட்டத்தை எஸ் பதிப்பில் தொடர முடியாது என்பதை நினைவில் கொள்ளவும்.

கதைச் சுருக்கம்

எர்ட்ரியா என்னும் கற்பனை உலகம். அதன் நடுவே வானில் மிதக்கிறது இக்ட்ரசில் என்னும் உலக மரம். எல்லா உயிரும் அதன் இலைகள். கோபிள்ஸ்டோன் என்ற மலைக்கிராமத்தில் வளர்ந்த இளைஞன்தான் கதாநாயகன். அவனுக்கு நாம் விரும்பும் பெயரை வைக்கலாம். (அக்கா அத்தானின் பெயரை வைத்தார்.) 16 வயதானதும், உலகைக் காக்கப் பிறந்தவன் அவன் என்ற உண்மை தெரிய வருகிறது. வளர்ப்புத் தாயிடம் விடைபெற்று, அரசனைக் காண ஹெலியோடர் நகருக்குப் போகிறான். மாலை மரியாதை கிடைக்கும் என்று நாம் நினைத்தால், அரசன் அவனை நாசகாரன் என்று சொல்லிச் சிறையில் தள்ளுகிறான்.

சிறையில் எரிக் என்ற திருடனின் நட்பு கிடைக்கிறது. இருவரும் தப்புகிறார்கள். பிறகு மந்திரம் அறிந்த சகோதரிகள் வெரோனிகா, செரீனா, சர்க்கஸ் கலைஞர் சில்வாண்டோ, முதியவர் ராப், சண்டைக் கலை கற்ற ஜேட் என ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். ஆரம்பம் நமக்குப் பழக்கமான கதை போலத்தான் இருக்கும். ஆனால் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

நிறைகள்

1. உங்களுக்காகக் காத்திருக்கும் சண்டை: இதுதான் முதல் நிறை. சண்டை முறை வைத்து நடக்கிறது. உங்கள் முறை வந்ததும் திரையில் ஒரு மெனு தோன்றும். தாக்கலாம், மந்திரம் சொல்லலாம், தற்காத்துக்கொள்ளலாம், மருந்து தரலாம், ஓடிவிடலாம். நீங்கள் முடிவு செய்து பட்டனை அழுத்தும் வரை எதிரே நிற்கும் அரக்கன் கையை ஓங்காமல் ஆடிக்கொண்டே நிற்பான். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வரலாம். அக்கா முதல் நாள் ஸ்லைம் என்னும் நீல நிறத் துளி வடிவ அரக்கனை வீழ்த்திவிட்டு, "இது பரீட்சை மாதிரி இருக்கிறது. யோசிக்க நேரம் தருகிறார்கள்" என்றார்.

2. வேலையைப் பகிரும் வசதி: ஒரே நேரத்தில் நால்வர் சண்டையில் இறங்குவார்கள். நால்வருக்கும் நாமே கட்டளை தர வேண்டியதில்லை. "புத்தியுடன் சண்டையிடு", "மருந்து தருவதில் கவனம் செலுத்து" என்பது போல ஒவ்வொருவருக்கும் ஓர் உத்தி தந்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பழகிய பின்னர் எல்லாரையும் நம் கட்டளையில் கொண்டு வரலாம். சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றவும் முடியும். சிறு சண்டைகளை விரைவாக முடிக்க, சண்டையின் வேகத்தைக் கூட்டும் வசதி எஸ் பதிப்பில் உண்டு.

3. வழி தவறாது: அடுத்து எங்கே போக வேண்டும் என்பது வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அரக்கர்கள் வெளியில் நடமாடுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் வேண்டாதவர்களை ஒதுங்கிக் கடந்து போகலாம். லெவல் உயரும்போது உடல் நலமும் மந்திர சக்தியும் தானாக நிரம்பிவிடும். முன்பு போன ஊருக்கு மீண்டும் நடக்க வேண்டாம். ஜூம் என்னும் மந்திரம் நொடியில் கொண்டு சேர்க்கும். முக்கியமாக, ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் இதுவரை நடந்த கதையின் சுருக்கத்தை முதலில் காட்டிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். வீட்டு வேலைக்கு நடுவே விளையாடுபவர்களுக்கு இதைவிட நல்ல வசதி இல்லை.

4. சேமிப்பதில் பயம் இல்லை: ஊருக்குள் உள்ள தேவாலயங்களிலும் வழியில் உள்ள கூடாரத் தளங்களிலும் ஆட்டத்தைச் சேமிக்கலாம். இது தவிர, புதிய இடத்துக்குள் நுழையும்போது கேம் தானாகவும் சேமித்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும் பெரிதாக இழக்க மாட்டீர்கள். 20 எழுத்துகளை எழுதி வைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

5. பட்டறை வேலை: சுரங்கங்களிலும் வழியிலும் கிடைக்கும் தாதுப் பொருள்களைக் கொண்டு, கையடக்கமான ஓர் உலைக்களத்தில் வாள், கேடயம், மோதிரம் எல்லாம் நாமே செய்யலாம். எந்த இடத்தில் எத்தனை அடி அடிப்பது என்று கணக்குப் பார்த்து அடிக்க வேண்டும். கூடுதலாக அடித்தால் பொருள் சுமாராகத்தான் வரும். அக்கா கதையை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு மாலைகள் மோதிரம் மட்டும் செய்துகொண்டிருந்தார்.

6. ஊர்களும் அவற்றின் சிறுகதைகளும்: ஒவ்வோர் ஊரும் நம் உலகத்தின் ஏதாவது ஓர் இடத்தை நினைவூட்டும். கால்வாய்கள் ஓடும் கொண்டோலியா நமக்கு வெனிஸ் நகரைக் காட்டுகிறது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஹோட்டோ ஜப்பானியக் கிராமம். அங்கு உள்ளவர்கள் ஹைக்கூ வடிவிலேயே பேசுவார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு குட்டிக் கதை காத்திருக்கிறது. தலைமைக் கதையைவிட இந்தக் குட்டிக் கதைகள் பல இடங்களில் சிறப்பாக இருக்கின்றன என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். மிஷெல் என்னும் கடல்கன்னி, திருமணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒரு மீனவனுக்காகப் பாறையில் காத்திருக்கிறாள். அவனைத் தேடி நாம் லோனலூலு தீவுக்குப் போகிறோம். அவன் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அங்கே தெரிகிறது. கடல்கன்னிகளின் ஆயுள் நீளம். காலம் போனதே அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் கேம் நம்மைக் கேட்கிறது: உண்மையைச் சொல்கிறாயா, இல்லையா?

அன்று நான் அக்கா வீட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா வெகு நேரம் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. கேமும் அவரை அவசரப்படுத்தவில்லை. பின்னர், "காத்துக்கொண்டிருப்பவளிடம் பொய் சொல்லக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டு உண்மையைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு நடப்பதை நீங்களே பாருங்கள். ஒரு கேம் என் அக்காவின் கண்ணைக் கலங்க வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குறைகள்

1. ஊமைக் கதாநாயகன்: நாம்தான் கதாநாயகன் என்பதால் அவன் பேசக் கூடாது என்பது 1986 இலிருந்து வரும் வழக்கம். அன்று பேச்சு எழுத்துகளாக மட்டுமே தோன்றிய திரையில் அது பொருந்தியது. இன்று மற்ற எல்லாரும் குரல் கொடுத்துப் பேசுகிறார்கள், அழுகிறார்கள். இவன் மட்டும் சொந்த ஊருக்கு ஆபத்து வந்தாலும் வாயை லேசாகத் திறந்தபடி நிற்கிறான். உணர்ச்சியான காட்சிகள் பல இதனால் பாதி வலுவை இழக்கின்றன.

2. திரும்பத் திரும்ப வரும் இசை: சுகியாமாவின் மெட்டுகள் நல்லவை. 2018 பதிப்பில் கம்ப்யூட்டர் கருவியொலியாக இருந்த இசை, எஸ் பதிப்பில் டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பனி இசைக்குழு வாசித்ததாக மாறியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைவு. வெளியில் நடக்கும்போது ஒரே மெட்டு, சண்டையில் ஒரே மெட்டு என்று பல மணி நேரம் கேட்க வேண்டும். சலித்தால் மெனுவில் டிராகன் குவெஸ்ட் 8 கேமின் இசையை மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. நான் முப்பது மணி நேரத்துக்குப் பின்னர் அதைத்தான் செய்தேன்.

3. பெயருக்குத்தான் கேள்வி: "எங்களுக்கு உதவுவாயா?" என்று ஒருவர் கேட்பார். "இல்லை" என்று பதில் தந்து பாருங்கள். வருத்தப்பட்டுவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேட்பார். "ஆம்" சொல்லும் வரை விட மாட்டார். கடல்கன்னி கதை போன்ற இடங்கள் அபூர்வம். உங்கள் முடிவால் தலைமைக் கதை மாறும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

4. எளிமை மிகுதி: பழகியவர்களுக்குச் சாதாரணச் சண்டைகள் மிக எளிது. இதற்கு ஒரு தீர்வு உண்டு. புதிய ஆட்டம் தொடங்கும்போது டிராகோனியன் குவெஸ்ட் என்ற பிரிவில் வலுவான அரக்கர்கள் வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். நடுவில் கடினமாகத் தோன்றினால் நீக்கிக்கொள்ளலாம். ஆனால் நடுவில் சேர்க்க முடியாது. எனவே அனுபவம் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்யவும். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

5. பழைய அரக்கன், புதிய சாயம்: முதல் பத்து மணி நேரத்தில் பார்த்த அதே அரக்கர்கள் வேறு நிறத்தில், வேறு பெயரில், கூடுதல் வலுவுடன் மீண்டும் வருவார்கள். தோரியாமாவின் ஓவியங்கள் அழகுதான். ஆனால் ஐம்பதாவது மணி நேரத்திலும் அதே முகங்கள் என்றால் அலுப்புத் தட்டுகிறது.

6. காலம் கடந்த கேலிகள்: பெண்களை வைத்துச் செய்யும் சில்லறைக் கேலிகள் இந்த வரிசையில் 1980களிலிருந்து தொடர்கின்றன. இன்று அவை சிரிப்பைத் தரவில்லை. கேமுக்குள் சூதாட்ட விடுதியும் உண்டு. அதில் உண்மைப் பணம் இல்லை, கேமுக்குள் உள்ள வில்லைகள்தான். இருந்தாலும் சிறுவர்களுக்கு வாங்கித் தரும் பெற்றோர் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது. மேலும், யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து அலமாரியைத் திறந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். "உலகத்தைக் காக்கப் போகிறவன் செய்கிற வேலையா இது?" என்று அக்கா கடைசி வரை அலமாரிகளைத் திறக்கவே இல்லை!

7. ஆங்கிலம்: கேமில் தமிழ் இல்லை. ஆங்கிலத்திலும் ஊருக்கு ஊர் கொச்சை மாறும். இத்தாலியர் பேசுவது போல, ஸ்பானியர் பேசுவது போல எழுத்துகளையே உடைத்து எழுதியிருக்கிறார்கள். தொடக்கத்தில் படிக்கத் திணறும். ஆறுதல் என்னவென்றால், ஊர் மக்கள் பேசும் வரிகள் பட்டனை அழுத்தினால்தான் நகரும். அகராதி பார்த்துப் படிக்க நேரம் இருக்கும்.

மூன்றாம் பகுதி: ஒரு முக்கியக் குறை

கதையின் போக்கை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, அடுத்த தலைப்புக்குச் செல்லவும்.

கதையின் நடுவில் நம் கூட்டம் தோற்கிறது. உலகம் நாசமாகிறது. நாம் பழகிய ஊர்கள் சிதைந்து கிடக்கின்றன. நமக்கு நெருக்கமான ஒருவர் உயிரிழக்கிறார். இந்த இரண்டாம் பகுதிதான் கேமின் உச்சம். மீதம் இருப்பவர்கள் துக்கத்தைச் சுமந்துகொண்டே மறுபடியும் ஒன்றுசேர்ந்து வெல்கிறார்கள். பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. கேம் முடிந்துவிட்டது என்று நினைப்போம்.

ஆனால் அதற்குப் பின்னரும் பல மணி நேரக் கதை இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிச் செல்ல ஒரு வழி திறக்கிறது. போனால் இறந்தவரைக் காப்பாற்றலாம். ஆனால் அழிவுக்குப் பின்னர் உங்களுடன் நடந்தவர்கள், அந்த நாள்களில் அவர்கள் கற்றுக்கொண்டவை, ஒருவருக்கொருவர் சொன்ன மன்னிப்புகள் எல்லாம் நடக்காதவை ஆகிவிடும். உங்களுக்கு மட்டுமே அவை நினைவில் இருக்கும். இந்த கேமின் ஜப்பானியத் துணைத் தலைப்புக்குக் 'கடந்து போன காலத்தைத் தேடி' என்று பொருள். கதாசிரியர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் செய்கிறார் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

நான் போய்ப் பார்த்தேன். பரிசுகள் நிறைய. சண்டைகள் கடினமாகி ருசி கூடுகிறது. முடிவு இந்த வரிசையின் மிகப் பழைய கேம்களோடு அழகாக இணைகிறது. ஆனால் இரண்டாம் பகுதி தந்த பாரம் கரைந்துவிட்டது. அங்கே பல மணி நேரம் எடுத்து ஆறிய மனங்கள் இங்கே ஓரிரு காட்சிகளில் அவசரமாக ஆறிவிடுகின்றன. அவசரப்படுத்தாத கேம் என்று நான் புகழ்ந்த கேம், தன் கதையை அவசரப்படுத்துவது இந்த ஓர் இடத்தில்தான்.

அக்கா அந்த வழியின் முன் நின்றார். கேம் வழக்கம் போலப் போகிறாயா என்று கேட்டது. அக்கா இல்லை என்றார். மறுபடியும் கேட்டது. ஆட்டத்தைச் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து ஏன் தொடரவில்லை என்று கேட்டேன்.

"போனவரைக் கூட்டி வர ஒரு வழி இருக்கிறதென்றால், அதுவரை அழுததெல்லாம் எதற்குடா? எனக்கு இதுவே போதும்" என்றார்.

நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவருடைய ஆட்டம் இன்றும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. முடிக்காமல் விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஓடிய இடத்தில் நிறைவாக நிறுத்திக்கொள்ள நீங்களும் தயங்க வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

64 பிட் விண்டோஸ், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்கில் சுமார் 40 ஜிபி காலி இடம், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு ஆகியவை வேண்டும். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைவதற்கென்றே உள்ள பகுதி. அலுவலக வேலைக்கான பல கம்ப்யூட்டர்களில் இது தனியாக இருக்காது. பிராசசரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். அக்காவின் கம்ப்யூட்டரை விற்றவர் எல்லா கேமும் ஓடும் என்றுதான் சொல்லியிருந்தார். முதல் நாள் கேம் ஓடவில்லை, ஊர்ந்தது. ஜி.டி.எக்ஸ் 750 டிஐ அளவிலான பழைய கார்டு ஒன்றைப் பொருத்திய பின்னர்தான் ஓடத் தொடங்கியது. இந்த அளவு கார்டே போதும். விலை உயர்ந்த புதிய கார்டு தேவை இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன உள்ளது என்று அறிய, ஸ்டார்ட் மெனுவில் டிஎக்ஸ்டயக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் சிஸ்டம் டேபில் ராம் அளவும், டிஸ்பிளே டேபில் கிராபிக்ஸ் கார்டின் பெயரும் காட்டப்படும். கேம் தடுமாறினால் செட்டிங்ஸ் சென்று ரெசல்யூஷனையும் நிழல்களின் தரத்தையும் குறைக்கவும்.

எஸ் பதிப்பு சுவிட்ச் சாதனத்துக்காகச் செதுக்கப்பட்டது என்பதால், தொலைவில் உள்ள மரங்களும் செடிகளும் 2018 பதிப்பைவிடச் சற்று எளிமையாக இருக்கும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு குறை. சுமாரான கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே நன்மை. முழு கேமையும் பழைய காலத்து 2டி படங்களாக மாற்றி விளையாடும் வசதியும் இதில் உள்ளது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டியிருக்கும்.

கீ போர்டு, மவுஸ் கொண்டு விளையாடலாம். ஆனால் யு.எஸ்.பி. போர்ட்டில் இணைக்கும் கேம் பேட் ஒன்று வாங்கிக்கொண்டால் கைக்கு எளிது. சாய்ந்து உட்கார்ந்து விளையாடலாம்.

வாங்கும் முன்னர்

உடனே பணம் கட்ட வேண்டாம். ஸ்டீம் தளத்தில் இதற்கு இலவச டெமோ தரப்படுகிறது. இரண்டு சண்டையோடு நின்றுவிடும் டெமோ அல்ல, கதையின் தொடக்கத்தைப் பல மணி நேரம் விளையாடலாம். பிடித்திருந்து முழு கேமை வாங்கினால் டெமோவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா, உங்களுக்குப் பிடிக்குமா என்ற இரண்டு கேள்விக்கும் செலவின்றி விடை கிடைத்துவிடும்.

பணத்தைக் காட்டிலும் யோசிக்க வேண்டியது நேரம். தலைமைக் கதைக்கே ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் பார்க்க நூறு மணி நேரம் தாண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் விடுமுறைக்கு ஒத்தி வைப்பது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

முடிவாக, வேகமும் பரபரப்பும் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பத்து மணி நேரத்திலேயே கொட்டாவி வரும். புதுமையை எதிர்பார்ப்பவர்களுக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டருக்குப் புதியவர், கதை கேட்கப் பிடிக்கும், விரல் வேகம் இல்லை, தோற்று அவமானப்பட விருப்பம் இல்லை என்றால் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இதில் பழகியவர்கள், 1988 இல் வந்து 2024 இல் புதுப்பிக்கப்பட்ட மூன்றாவது டிராகன் குவெஸ்டை அடுத்து முயன்று பார்க்கலாம்.

அக்கா இப்போது அதைத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் போன் செய்தார். கம்ப்யூட்டரில் ராம் அளவைக் கூட்டலாமா, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இந்தப் பெட்டி தனக்கு இல்லை என்று சொன்னவர்!